கெட்டிலுக்கு அடியில் ஒட்டியிருந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய், வெள்ளிக்கிழமை போனில் நீ சிரித்த சிரிப்பைக் கேட்டபோதே உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் இன்றைக்கு எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், நடுவில் அப்பா வந்து இங்கே வெயிலா மழையா என்று செய்தி வாசிக்கிறார், சொல்ல வந்தது தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. காகிதத்தோடு குறுக்கே பேச உன்னால் முடியாது. நீ கேட்ட கம்பளிச் சட்டைக்குள் இதை மடித்து வைத்து அனுப்புகிறேன், சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

முதலில் வீட்டுச் செய்தி. மேல்மாடியில் இருக்கும் உன் அத்தை புதுப் பல்செட் வாங்கியிருக்கிறாள், சாப்பிடும்போது கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள், போட்டோ எடுத்தால் மட்டும் மாட்டிக்கொள்கிறாள், பல் எதற்கு இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது. அப்பாவிடம் கார் ஓட்டப் படிக்கும் ஒரு அம்மாள் போன வாரம் பயிற்சிப் பள்ளியின் கேட்டிலேயே கொண்டுபோய் மோதிவிட்டாள், உன் அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லைங்க, கேட் எங்க இருக்குன்னு இனிமே மறக்கவே மாட்டீங்க என்று சொன்னாராம். முப்பது வருடமாக இடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரவாயில்லை சொல்லியே அவருக்கு வாய் அப்படிப் பழகிவிட்டது. என் வேலை எப்போதும் போலத்தான், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போகும் வீடுகளைக் கழுவி அடுத்தவருக்குத் தயார் செய்கிறேன், ஒரு வீட்டில் பதினோரு குடை கிடந்தது, ஒன்றாவது முழுசாக இருக்க வேண்டுமே.

சரி, உன் ஆளுக்கு வருகிறேன். எப்படிம்மா இருக்காரு, சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன், தேதி முடிவு பண்ணணும் என்று நீ நச்சரிக்கிறாய், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாளைத் தள்ளுகிறேன். ஏன் தள்ளுகிறேன் என்பதை இப்போது சொல்கிறேன், முழுக்கப் படித்த பிறகு கோபப்படு. எங்களைப் பார்க்க முதல் தடவையாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் அன்றைக்குப் பதினோரு மணிக்கே வந்து நின்றுவிட்டார். எனக்குச் சாவி ஒப்படைக்க வேண்டிய வீடு ஒன்று இருந்ததால் பன்னிரண்டுக்கு முன்னால் நகர முடியவில்லை. அப்பாதான் கதவைத் திறந்து உட்கார வைத்து, நீ வாங்கி அனுப்பிய, மேலே கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, முட்டை வாங்கக் கீழே போயிருக்கிறார். நான் படியேறும்போதே நாற்றம் மூக்கைத் துளைத்தது. இந்த வேலையில் எனக்கு எல்லா நாற்றமும் அத்துப்படி, இது பிளாஸ்டிக் என்று இரண்டாவது மாடியிலேயே சொல்லிவிட்டேன். உள்ளே போனால் அப்பா முட்டையும் கையுமாகச் சமையலறை வாசலில் நிற்கிறார், உன் ஆள் கூடத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டு போனைப் பார்க்கிறார், அடுப்பின்மேல் நம் கெட்டில் ரொம்ப நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. கெட்டிலைத் தூக்கினேன், அது வரவில்லை. இன்னும் இழுத்தேன், அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் நூலாக நீண்டுகொண்டு வந்தது. அடுப்பின் வட்டம் முழுக்கப் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக் கிடந்தது.

டீ போட்டவர் அப்பா, அடுப்பை அணைத்தவர் அப்பா, வாசலில் முழித்துக்கொண்டு நிற்பவரும் அப்பா. நான் யாரைத் திட்டுவேன். விருந்தாளி இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. பக்கத்துல உட்கார்ந்து பிரேக் மிதிக்க மட்டும் தெரியுது, வீட்டுல கண்ணை எங்க வெச்சுட்டு நடக்கறீங்க, பொண்ணு ஆசையா வாங்கி அனுப்பின அடுப்பாச்சே என்று ஆரம்பித்தேன், மூச்சு வாங்கும்வரை நிறுத்தவில்லை. அப்பா அடுப்பைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், அங்கே உன் ஆள் தலையைப் போனுக்குள்ளேயே விட்டுவிடுவார் போலக் குனிந்துகொண்டார். அப்புறம் அப்பா மெதுவாக, நான்தாம்மா, ஏதோ ஞாபகத்துல எதையோ வெச்சுட்டேன் போல என்றார். இதோடு முடிந்திருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பேன். அப்போதுதான் உன் ஆள் எழுந்து வந்தார். கண்ணாடி அடுப்புல நெருப்பு தெரியாது அங்கிள், ஆஃப் பண்ணாலும் சூடு இருக்கும், இதோ இந்தச் சிவப்பு லைட் அணையிற வரைக்கும் எதையும் மேல வைக்கக் கூடாது, நாங்க எல்லா வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லுவோம் என்று உன் அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். அப்பாவும் கைகட்டிக்கொண்டு, சரி தம்பி, இனிமே பார்த்துக்கறேன் என்றார். நானும் மடச்சி, படித்த பிள்ளை எவ்வளவு பொறுமையாகச் சொல்லுது பாருங்க என்று ஒத்து வேறு ஊதினேன், அதை இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சமையலறை வரைவது அவருக்கு வேலை என்று நீ பெருமைப்பட்டுக்கொண்டாய். கம்ப்யூட்டரில் வரைகிற அடுப்பு யாரையும் சுடாது போலிருக்கிறது. இதை எப்படி எடுப்பது என்று போனில் தேடிப் பார்த்துவிட்டு, ஐஸ் தண்ணி ஊத்தினா கெட்டியாகி அப்படியே உரிஞ்சு வந்துடும் ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டே பிரிட்ஜைத் திறந்து ஜக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூடாக இருக்கும் கண்ணாடியில் ஐஸ் தண்ணீரை ஊற்றினால் பிளாஸ்டிக்கா உரியும், கண்ணாடிதான் படார் என்று இரண்டாகும். கையைப் பிடித்து நிறுத்தினேன். உடனே இரும்பு நாரை எடுத்தார். அதைப் பிடுங்கினேன். தேய்த்திருந்தால் உன் அடுப்பு பூனை பிறாண்டின மாதிரி ஆகியிருக்கும். உட்காருங்க தம்பி, நீங்க வரையறதோட நிறுத்திக்குங்க என்று நாற்காலியைக் காட்டினேன். போகிற போக்கில், இந்த சிங்க் தப்பான இடத்துல இருக்கு ஆன்ட்டி என்றார். அந்தத் தப்பான இடத்தில்தான் இருபத்திரண்டு வருடம் நீ தின்ற தட்டைக் கழுவினேன்.

காலி வீடுகளில் இதைவிட மோசமான அடுப்பெல்லாம் நான் பார்த்தவள். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, அடுப்பை ஆகக் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் விட்டேன், பிளாஸ்டிக் இளகினால் போதும், புகைய விடக் கூடாது. இளகியதும் அணைத்துவிட்டு, வேலைக்குக் கொண்டுபோகும் சுரண்டும் பிளேடைக் கண்ணாடியோடு படுக்க வைத்துத் தள்ளினேன். நிமிர்த்திப் பிடித்தால் கீறல் விழும், அவசரப்பட்டால் கண்ணாடியோடு பெயர்ந்து வரும். ஒவ்வொரு தடவையும் பிளேடைப் பழைய பேப்பரில் துடைத்துத் துடைத்து, ஆறினால் திரும்பக் கொஞ்சம் சூடாக்கி, முக்கால் மணி நேரம் ஆனது. அப்படி வழித்து எடுத்ததில்தான் விஷயமே இருந்தது. சுருண்டு வந்த பிளாஸ்டிக்கின் ஓரம் பூ மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது, அதோடு கேக் துகளும், கொஞ்சம் ரோஸ் கலர் கிரீமும். திரும்பி மேஜையைப் பார்த்தேன். அவர் வாங்கி வந்த கேக் நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் அந்த டப்பாவின் மூடி இருந்தது, அடித்தட்டை மட்டும் காணவில்லை. விருந்தாளி கொண்டு வந்த டப்பாவை உன் அப்பா தன் கையால் பிரிப்பாரா, அதுவும் கேக் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர். அவர் கீழே போன நேரத்தில் இந்த வரைகிறவர் டப்பாவைப் பிரித்து, கறுப்பாக மேஜை மாதிரி இருக்கிறதே என்று அடுப்பின்மேல் வைத்து, அடி உருகியதும் கேக்கைக் காப்பாற்றித் தட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கெட்டிலைப் போட்டு மூடியிருக்கிறார். அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி அத்தனை விளக்கம் சொன்ன வாய்.

அப்பாவைப் பார்த்தேன். விடு என்று கண்ணைக் காட்டினார். விட்டேன். என் வாய் தானாக மூடிய நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம். சமையல் சோடாவை ஈரத்துணியில் போட்டுத் துடைத்ததும் அடுப்பு பழையபடி ஆகிவிட்டது, ஓரத்தில் நகம் பட்ட அளவுக்கு ஒரு சின்னக் குழி மட்டும் இருக்கிறது, அது போகாது. எல்லாரும் சாப்பிட்டோம், கேக் நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட இறங்கி வந்த உன் அத்தையிடம் அவர், நீங்க அங்கிளுக்கு அக்கான்னா நம்பவே முடியல, தங்கச்சின்னு நெனச்சேன் என்று ஒரு போடு போட்டார், அவள் அந்த நிமிஷமே பைக்குள்ளிருந்து பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு உன் ஆள் கட்சியில் சேர்ந்துவிட்டாள், இன்னும் திரும்பி வரவில்லை. அவர் போன பிறகு அப்பாவைப் பிடித்தேன். நான் கீழ போறப்ப ரிப்பன் கட்டின டப்பா அவர் மடியிலதான் இருந்துச்சு, வந்ததுமே தெரியும் என்றார். அப்புறம் ஏன் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள் என்றால், மொத மொத வர்ற வீடு, அதுவும் உன் வீடு, பயந்துட்டான் பாவம், நான் மட்டும் யோக்கியமா, உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு டம்ளரை உடைச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனவன்தானே என்று சிரிக்கிறார். அது உண்மைதான். ஆனால் மறுநாள் காலையிலேயே அதே மாதிரி டம்ளர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, உடைச்சது நான்தாங்க என்று என் அப்பாவிடம் நீட்டியதும் இதே மனிதர்தான், அந்தப் பாதியை மட்டும் அவர் சொல்வதே இல்லை.

இருந்தாலும் பயம்தானே என்று நானும் மனதை ஆற்றிக்கொண்டேன். என் முன்னால் நிற்க யாருக்குத்தான் பயமில்லை, உனக்கே உண்டு. ஒரு வாரம் போனால் தானே சொல்லிவிடுவார், சொல்லாவிட்டாலும் சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். அப்போதுதான் வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டாய். எடுத்ததும் எடுக்காததுமாக, அப்பா, பிளாஸ்டிக்கை வேக வெச்சீங்களாமே, அவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு, இனிமே உங்களை அடுப்புப் பக்கமே விடக் கூடாதாம் என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பாவும், ஆமாம்மா, உப்புதான் கொஞ்சம் கம்மியாப் போச்சு என்று கூடச் சிரித்தார். நீ போனை வைத்த பிறகு அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார், டிவியைப் போடவில்லை. இதுவரை அவர் இவர் என்று மரியாதையாக எழுதிக்கொண்டு வந்தேன், இதற்குமேல் என் கை மறுக்கிறது, அவன் என்றுதான் வருகிறது. என் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றான், அது பயம். அத்தனை தூரம் உன் ஊருக்குத் திரும்பிப் போய், அவனை யாரும் எதுவும் கேட்காதபோது, உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் அப்பாவை வைத்து ஒரு சிரிப்புக் கதை சொல்லியிருக்கிறானே, அதற்கு என்ன பெயர் என்று நீயே சொல்லு. அங்கே அவனை மிரட்ட நான் இருந்தேனா, என் பிளேடு இருந்ததா.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவள் நீ, உன்னை அடைத்து வைக்க என்னிடம் பூட்டும் இல்லை, ஆனால் நீ கேட்டது என்னுடைய சரியை, அது இப்போது என்னிடம் இல்லை. நீ ஒன்று செய். அடுப்பை யார் கெடுத்தது என்று அவனிடம் சாதாரணமாகக் கேள். இந்தக் கடிதத்தைக் காட்டாதே, அம்மாவுக்குத் தெரியும் என்று சொல்லாதே, ஜாடை காட்டாதே, நீ எடுத்துக் கொடுத்து அவன் சொன்னால் அது சேர்த்தி இல்லை. கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார், உனக்குக் கண் இருக்கிறது. நான்தான் என்று சொன்னானானால், அதை என்னிடம் சொல்ல வேண்டாம், உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லட்டும், அவர் பரவாயில்லை தம்பி என்பார், அன்றைக்கே நான் சரி சொல்கிறேன், தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உன் அப்பாதான் என்று மறுபடியும் சொன்னானானால் நீ ஒன்றும் சண்டை போடாதே, ஒன்றை மட்டும் நினைத்துப் பார். பழியை ஏற்றுக்கொண்டு சிரிக்க இந்த வீட்டில் உன் அப்பா இருந்தார். நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் தனியாகக் குடித்தனம் நடத்தும் வீட்டில் எது உருகினாலும் எது உடைந்தாலும் கூட இருக்கப்போவது நீ ஒருத்திதான்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசி, அப்பாவுடையதும் அதுதான், அவருக்கு இந்தக் கடிதம் தெரியாது. கம்பளிச் சட்டையை மெஷினில் போடாதே, சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும், கையால் அலசி நிழலில் விரித்துப் போடு. ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து அப்பா வண்டியில் இருப்பார், என்னோடு பேசுவதானால் அப்போது கூப்பிடு.

இன்னும் சரி சொல்லாத,
உன் அம்மா