கல்லீரலும் வேலூர் பஸ்ஸும்

16.3.2004
வேலூர் போயும் நான் பொய்க்காரிதான்.

நேற்று வேர்க்கடலைச் சட்னி தொட்டதும் உதடு வீங்கி மூச்சு இழுத்தது. திருத்தணி டாக்டர் ஊசி போட்டார். இன்று வேலூர் டாக்டரம்மா ரத்தமே எடுக்கவில்லை. ஒவ்வாமை வந்தால் மாஸ்ட் செல் என்ற உயிரணு உடைந்து ட்ரிப்டேஸ் என்ற நொதி ரத்தத்தில் கொட்டுமாம். அதுதான் சாட்சி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், மறுநாள் துளிகூட இருக்காது. கல்லீரல்தான் வாரிக்கொள்கிறது என்று நினைக்கிறார்களாம்.

வேலூர் பஸ்ஸுக்கோ மூன்று மணி நேரம்.

"கடலை உரிக்க சோம்பல்னா நேரா சொல்லேன். வேலூர் வரைக்கும் எதுக்கு இழுத்துகினு வர்ற?" என்றார் நைனா. நாங்கள் பயிரிடுவதே கடலைதான்.

19.3.2004
அடுத்த மாதம் அறுவடை. வீடெல்லாம் கடலை கிடக்கும். அன்றைக்கு டாக்டர் ஊரில் இல்லாவிட்டால்?

21.3.2004
தின்ற தட்டைக் கழுவ நான் மறுநாள் வரை இழுப்பேன். என் கல்லீரலுக்கு மட்டும் என்ன அவசரம்?

3.4.2004
கனகம்மாசத்திரத்து அத்தை வந்திருக்கிறாள். "கண்ணால பாக்கறதாலதான் பயம். தெரியாம துன்னா ஒண்ணும் ஆவாது" என்று அம்மாவிடம் சொல்கிறாள்.

5.4.2004
நேற்று கத்தரிக்காய்க் குழம்பில் அத்தை கடலையை அரைத்துக் கலந்திருக்கிறாள். இரண்டாவது வாயிலேயே தொண்டை அடைத்தது. நைனா வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். ஊசி. மூச்சு வந்ததும், "ரத்தம் எடுங்க சார்" என்றேன்.

"வேலூர் போறதுக்குள்ள தேய்ஞ்சிடும்மா."

"உடம்புல இருந்தாதான சார் தேயும்? ட்யூப்ல ஏது கல்லீரல்?"

டாக்டர் என்னையே பார்த்தார். எடுத்தார்.

அதைப் பால் தூக்கில் ஐஸ் போட்டு வைத்து நைனா பஸ் ஏறினார். அத்தையும் கூடப் போனாள். "நானே கொல்லப் பாத்தனே" என்று வழியெல்லாம் அழுதாளாம். கண்டக்டர் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னாராம்.

13.4.2004
முடிவு வந்தது. ட்ரிப்டேஸ் மிக அதிகம். நைனா தாளை மடித்து வைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

28.4.2004
ஒரு மூட்டைக் கடலை கூட வீட்டுக்கு வரவில்லை, எல்லாம் களத்துக் கொட்டகையில். நைனா சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே வருகிறார்.

பக்கத்து நிலத்துப் பரசுராமன் மாமா நைனாவைக் கேலி செய்தார். "இன்னா கஜபதி, பொண்ணுக்குக் கடலை ஆவாதாமே?"

"ஆங். ஆனா பொண்ணு கல்லீரலு வேலூர் பஸ்ஸையே முந்திடும், தெரியுமா?"

வீட்டு மூலையில் புதிதாக உளுந்து விதை மூட்டை. எதற்கு என்று கேட்டேன்.

"கடலைக்கு வெல இல்ல, அதான்" என்றார் நைனா.

இந்த வருஷம் கடலைக்கு நல்ல விலை என்று பரசுராமன் மாமா காலையில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.