லாரி இல்லாத சாலை

தைக் கிருத்திகை, இரவு.

தூக்கம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையாகப் போகின்றன. காலையில் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்கலாம் போலிருக்கிறது.

ஊருக்கு வெளியே லாரிகளுக்குப் புதுச் சாலை கேட்டு கடைக்காரர்கள் நாங்கள் மனு மேல் மனு கொடுத்தோம். ஒருவழியாக இன்று சென்னையிலிருந்து அதிகாரி நேரில் பார்க்க வந்தார். கிருத்திகையாகப் பார்த்துத்தான் வந்தார். முதலில் மலையேறிச் சாமி கும்பிட்டார். பிறகு நெற்றி நிறைய விபூதியோடு என் பாத்திரக் கடை வாசலில் வந்து நின்றார்.

"எங்கங்க லாரி? ஒண்ணையும் காணோமே."

"கிருத்திகைன்னா கனகம்மாசத்திரத்துலயே நிறுத்திடுவாங்க சார். காவடி வந்துகினு இருக்குல்ல. நாளைக்கு வந்து பாருங்க, ரோட்டைத் தாண்ட முடியாது."

அவர் காவடிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

போன மாதம் இதே வாசலில் லாரி இடித்து என் மனைவிக்குக் கால் முறிந்ததைச் சொன்னேன். உள்ளே கட்டிலில் கிடக்கிறாள், பாருங்கள் என்றேன். அவர் பையைத் துழாவி ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"பூசி விடுங்க. முருகன் பாத்துப்பான்."

"லாரி ஓடற நாளா இன்னொரு தரம் வாங்க சார்."

"கண்டிப்பா வரேன். ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோட வரேன். அப்ப நிதானமா பாத்துடலாம்."