பதினெட்டாம் நாள் போன மனு

பிக்கெட் கோவ், மேய்ன்
டிசம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

கோரா எழுதுகிறேன். உங்கள் நண்டுப் படகு கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தடவை அலாஸ்காவின் டச்சு ஹார்பருக்குத் திரும்பும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் இடையில் பேசினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கை வலி இருக்கிறது, ஆனாலும் கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் இலை வளையம் கட்டும் கொட்டகைக்கு ஒரு நாள் தவறாமல் போகிறாள். நன்றி விழா விடுமுறை முழுக்க நானும் போனேன். நம் படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டாகிவிட்டது. வண்டியின் ஹீட்டர் இன்னும் ஒரு பக்கம்தான் சுடுகிறது.

இந்த வருடம் கொட்டகையில் பதினோரு பெண்கள், கூட எவரெட். மட்டி தோண்டும் லைசன்ஸ் போனபிறகு அவருக்கு இங்கே வேறு வேலை இல்லை. அந்தப் பெரிய விரல்களுக்குக் கம்பி அடங்குவதில்லை. முதல் நாள் ஒருத்தி, "எவரெட், நீங்க கட்டுனது வளையமா, டிராக்டர் டயரா?" என்று கேட்டாள். "டயர்னா ஓடுமே. இது ஒம் புருஷன் மாதிரி, போட்ட எடத்துல கெடக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

அக்டோபரில் நீங்கள் எழுதியது என்னிடம் இருக்கிறது. "ஒரு வருஷம்கூட சும்மா விடாத. காலேஜ் முடிச்ச கையோட சட்டம் படிக்கப் போ. எவரெட்டுக்கு அவனுங்க செஞ்சத நாளைக்கு இன்னொருத்தனுக்குச் செய்வானுங்க" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கிளம்புவதற்கு முன் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னதும் அதுதான். இனி எழுதப்போவது அதற்கான பதில்.

ஜூலையில் லைசன்ஸ் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை எவரெட் கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லைசன்ஸுக்காகச் செய்ய வேண்டிய கடற்கரைப் பராமரிப்பு வேலைக்கு அவர் வந்ததாகப் பதிவில்லை, ஆகவே லைசன்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று அதில் இருந்தது. அவர் வேலைக்கு வந்ததை ஊரில் ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். விசாரணை கேட்டிருந்தால் அரைமணியில் முடிந்திருக்கும். கேட்கப் பதினைந்து நாள் அவகாசம். மனுவை நான் எழுதினேன். தாமதம் என்று திருப்பி அனுப்பினார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள், ஊரும் சொன்னது, நானும் நம்பினேன்.

சட்டக் கல்லூரி விண்ணப்பத்துக்கு, ஏன் சட்டம் படிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள். நான் எவரெட்டைப் பற்றி எழுதினேன். பேராசிரியர் வின்ஸ்லோ படித்துவிட்டு, "இதுதான் கட்டுரை, ஒரு வரியும் மாத்தாத" என்றார். எனக்கு ஒரு வரி மட்டும் உறுத்தியது. கடிதத்தின் வாசகத்தை நினைவிலிருந்து எழுதியிருந்தேன். மூலத்தைப் பார்த்துச் சரியாகப் போடலாம் என்று விடுமுறையில் எவரெட்டின் மனைவி லோர்னாவிடம் வாங்கிவந்தேன்.

பின்பக்கத்தில் இருக்கிறது, அப்பா. பதினைந்து நாள் என்பது கடிதத்தின் தேதியிலிருந்து. நான் எவரெட் அதை என் கையில் கொடுத்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறேன். கடிதத்தின் தேதி ஜூலை ஒன்பது. அது தபாலிலும் அவர் வண்டியிலுமாக ஆறு நாள் கிடந்தது. பதினைந்தாம் தேதி என்னிடம் வந்தது. அன்றைக்கே எழுதி அனுப்பியிருந்தால் ஒன்பது நாள் மிச்சம் இருந்திருக்கும். நேரம் இருக்கிறதே என்று மூன்று தடவை திருத்தி எழுதினேன். இருபத்தேழாம் தேதி அனுப்பினேன். அவர்கள் கணக்கில் அது பதினெட்டாம் நாள். அலுவலகத்தில் யாரும் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. தவறு செய்தது நான்.

மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் எவரெட் கிளைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார். "எத்தன நாள் பிந்திச்சு?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். "மூணு நாளா" என்றார். பிறகு, "ரெண்டு வாரம் அத வச்சுக்கிட்டு என்ன பண்ணே, புள்ள?" என்றார். திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். "ம். நல்லாத்தான் எழுதியிருந்தே. லோர்னா படிச்சிட்டு அழுதா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். "வானுக்குத் தெரியுமா?" என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார். தெரியாது என்றேன். "நான் சொல்ல மாட்டேன். அது ஒன் வேல" என்று சொல்லிவிட்டுக் கிளைகளை இறக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் எங்கள் மேசையில் உட்காரவில்லை. லோர்னா கடையில் என்னைப் பார்த்து, "வக்கீலம்மா வர்றாங்க, எல்லாரும் நாள எண்ணிக்கோங்க" என்றாள். அம்மாவிடம் அன்று மாலையே சொல்லிவிட்டேன். "நீயே ஒங்கப்பாவுக்கு எழுது" என்று மட்டும் சொன்னாள்.

பேராசிரியர் வின்ஸ்லோவிடமும் சொன்னேன். அந்தக் கட்டுரையை அனுப்ப முடியாது என்றேன். அவர், "இது முன்னத விட நல்லா இருக்கு, கோரா. தப்ப ஒத்துக்கற ஆள அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்படியே எழுது, இன்னும் பத்து நாள் இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கல்லூரியில் எனக்காக நேரம் ஒதுக்கும் ஒரே ஆள் அவர்தான். அவர் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் பிடிக்கவில்லை. எவரெட்டுக்கு ஒரு பருவம் முழுக்கப் போனதை வைத்து முதலில் அலுவலகத்தின் அநியாயத்தைச் சொன்னேன், இப்போது என் நேர்மையைச் சொல்ல வேண்டும். இரண்டிலும் நல்ல பெயர் எனக்கு, வளையம் கட்டுவது அவர்.

அதனால் இந்த வருடம் விண்ணப்பம் போடவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் திட்டினால் போட்டுவிடுவேனோ என்ற பயத்தில், போட மாட்டேன் என்று பேராசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். மே மாதம் பட்டம் வாங்கியதும் பாங்கோரில் ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடம். கூப்பிடுகிறவர் சொல்வதைக் கேட்டு, காகிதத்தை முன்னும் பின்னும் படிக்கச் சொல்லி, குறித்துக்கொள்ள வேண்டும். மனு எதையும் நான் எழுத மாட்டேன். கூச்சம் உள்ள பெண்ணால் நாள் முழுக்கப் பேச முடியுமா என்று நேர்காணலில் கேட்டார்கள். கேட்க முடியும் என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சட்டம் படிக்கப் போவேனா என்றால், போவேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போதே போனால் இன்னும் நன்றாக எழுதக் கற்றுக்கொண்டு வருவேன். எழுத எனக்கு ஏற்கனவே வரும்.

வார இறுதிக்கு நான் ஊருக்கு வந்திருப்பது தெரிந்து, நேற்று எவரெட் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அடுத்த வருட லைசன்ஸுக்கான படிவத்தைக் கதவருகே நின்றே நீட்டினார். "ஒரு தடவ பாரு. ஒரே தடவ. பாத்துட்டு இன்னைக்கே குடுத்துடு" என்றார். அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்து, முத்திரை வாங்கி, நகலை லோர்னாவிடம் சேர்த்துவிட்டேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்வாள் என்று நானும் நினைக்கவில்லை.

போன தடவை கரையிலிருந்து பேசியபோது உங்கள் கேப்டனிடம் போனைக் கொடுத்தீர்கள். "யாரு, வக்கீல் பொண்ணா?" என்று அவர் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. அடுத்த தடவை கொடுக்கும்போது "எம் பொண்ணு" என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள், அப்பா. நான் பேசுகிறேன்.

படகின் மேல்தளத்தில் உறைபனி இருக்கும்போது கயிற்றைப் பிடிக்காமல் நடக்காதீர்கள். என்மேல் கோபம் இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு, கை கால் முழுசாக வீட்டுக்கு வந்து சேருங்கள்.

உங்கள் மகள்,
கோரா