ஆறடி இரண்டு அங்குலம்

கோவளம்
3.6.2024

அன்புள்ள சிநேகாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால், மீன் வண்டி ஓட்டும் செல்வராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம். முறிந்த கை எலும்பு கூடிவிட்டதா? அன்றைக்கு எனக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை. பலகையில் அலையேறும் சர்ஃப் கற்றுக்கொடுக்கும் அந்த ஆல்வினோடு சிரித்துப் பேசியபடி நீ கடலிலிருந்து ஏறி வந்தாய். என் கையில் போர்டு தேய்க்கும் உப்புத்தாள் கட்டை இருந்தது. ஓர் அடிதான்.

உனக்கு இப்போது நீளப் பலகை போதாதாம், குட்டையான ஷார்ட்போர்டு வேண்டுமாமே. ஆல்வின் ஐந்தடி பத்து அங்குலம் சொன்னானாம். அது உன்னை முக்கிவிடும். முதல் ஷார்ட்போர்டை அழகு பார்த்து எடுக்கக் கூடாது. நீ ஐம்பத்து நாலு கிலோ. ஆறடி இரண்டு அங்குலம், மார்பு படும் இடத்தில் நல்ல தடிமன், போர்டின் மூக்கு அவ்வளவு கூராக வேண்டாம். நானே பார்த்து அனுப்புகிறேன். இந்த ஊரில் உடைகிற போர்டையெல்லாம் ஒட்டிக்கொடுப்பவன் நான். என் பெண்டாட்டிக்கு இன்னொருத்தன் போர்டு பார்ப்பதா?

உன்
ஜெபசிங்


மாமல்லபுரம்
9.6.2024

அன்புள்ள ஜெபா மாமாவுக்கு,

ஓர் அடி இல்லை, மூன்று. இரண்டாவதில் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மூன்றாவது எதற்கு என்று இன்னும் யோசிக்கிறேன். உள்ளே பிளேட்டும் ஆறு திருகும் இருக்கின்றன. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில், பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன். டாக்டரம்மா நம்பவில்லை. ஆனாலும் நான் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

இங்கே என் தோழி ஸ்ரீதேவியின் வீட்டில் இருக்கிறேன். ஐந்தடி பத்தை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். எழுந்து நிற்பதற்குள் தூக்கி அடித்தது, வாயெல்லாம் மணலும் ரத்தமும். நீங்கள் சொன்ன அளவே சரி. கோபத்தில் எதையெதையோ செய்வீர்கள், தொழிலில் மட்டும் பொய் கிடையாது. ஒட்டின போர்டு என்றால் வால் பக்கம் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, சொல்லித்தானே விற்பீர்கள். அதனால் நீங்களே அனுப்புங்கள்.

போர்டு எனக்குப் பொருந்தினால் ஆகஸ்டில் கோவளத்திலேயே வந்து ஓட்டுகிறேன். வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொல்கிறேன், மாமா. கை மட்டும் ஓங்கக் கூடாது.

சிநேகா


கோவளம்
24.6.2024

என் உயிரான சிநேகாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. போர்டு வருகிறது. நீல நிறம், புத்தம் புதுசு.

வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வதை விட நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆல்வினை அடித்துவிட்டேன். "இன்னா அண்ணாத்த, சிநேகா வருதாமே, இப்போ செம்மயா ஓட்டுதாம்" என்றான். உனக்கு எப்படிடா தெரியும் என்று கேட்டேன். சிரித்தான். போர்டைக் காலோடு கட்டிக்கொள்ளும் கயிற்றை எடுத்து அவன் கழுத்தில் சுற்றி இழுத்தேன். முகம் கறுத்து, நாக்கு வெளியே வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். உன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். நீதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பயப்படாமல் ஓட்டு. ஆகஸ்ட் வரை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்
ஜெபசிங்


மாமல்லபுரம்
8.7.2024

ஜெபசிங்,

போர்டு வந்தது. வால் பக்கம் பார்த்தேன், கோடு இல்லை. விரலால் தட்டியபோது நடுவில் சத்தம் கொஞ்சம் மாறியது. பெயிண்ட் தடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். உன் கையை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன். உன் தொழிலை நம்பினேன்.

கடற்கரைக் கோயில் பக்கம் அன்றைக்கு ஆள் உயர அலை. எழுந்து நின்றேன், மூன்று முறை வளைத்துத் திருப்பினேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை. நாலாவது திருப்பத்தில் அலை மேலே விழுந்தது. போர்டு நடுவில் இரண்டாகப் போய், முறிந்த முனை என் புருவத்தைக் கிழித்தது. தண்ணீருக்குள் எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. ஸ்ரீதேவிதான் முடியைப் பிடித்து வெளியே இழுத்தாள். பதினொரு தையல். கண் தப்பிவிட்டது.

செல்வராஜ் அண்ணன் வந்து பார்த்தார். "அன்னிக்கு ஜெபசிங்கு ஆல்வினை அடிச்சிட்டு வந்து, அந்தப் புது போர்டைத் தூணுல அடிச்சி ஒடச்சிடுச்சிம்மா. அப்பால ரெண்டு நாளா குந்திகினு ஒட்டிகினு இருந்துச்சி. கோடு போடலியான்னு கேட்டேன். அவளுக்குத் தெரியவாணாம், பயந்துக்குவான்னுச்சி" என்றார். முன்பே என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ என்ன எழுதினாலும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

என்னைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்கமாட்டேன். நினைத்திருக்கமாட்டாய். உடைப்பாய், ஒட்டுவாய், மேலே பெயிண்ட் அடித்துக் கையில் கொடுப்பாய். ஊரில் எல்லோரிடமும் உடைந்ததை உடைந்தது என்று சொன்னாய். என்னிடம்தான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. "இந்தத் தடவையும் பாத்ரூமா?" என்றார். மூன்று அடியையும் சொன்னேன். ஒரு பக்கம் போதாமல் இன்னொரு தாள் எடுத்தார். மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்கு ஆல்வினும் வந்தான். அவனுக்கு இன்னும் குரல் சரியாக வரவில்லை, எழுதிக் கொடுத்தான்.

என் முதல் ஷார்ட்போர்டை நானே பார்த்து எடுத்துவிட்டேன். என்ன அளவு என்று உனக்குச் சொல்லப்போவதில்லை.

செல்வராஜ் அண்ணன் இதை உன்னிடம் கொடுக்கும்போது, பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பார்கள். அவர்களையாவது அடிக்காதே.

சிநேகா