இருபத்து மூன்று பாட்டில், ஒரு பன்றி

அன்பு மகள் ஒட்டிலியாவுக்கு அப்பா தெயோஃபில் எழுதுவது. நாங்கள் இங்கே ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி மத்தேயும் அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று திருமுழுக்குத் திருநாள் அன்று கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். அம்மாவின் இடுப்பு பரவாயில்லை, கைத்தடியோடு கடை வரை போய்வருகிறாள், அந்தத் தடியால் என்னை இடிக்கவும் பழகிவிட்டாள். ஸ்பெயினில் குளிர் இல்லை என்று நீ சொல்வதை நான் நம்பமாட்டேன், குழந்தைக்குக் காலுறை போடாமல் தரையில் விடாதே. வருஷா வருஷம் அனுப்பும் பன்றி இறைச்சிப் பெட்டி இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று போனில் மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகளே, எழுதினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, குரலையும் கேட்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பன்றி அடித்தால் அதன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் சதையில் ஒரு துண்டு எடுத்து டவுன் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே புழு இல்லை என்று வட்ட முத்திரை போட்டுச் சீட்டுக் கொடுத்த பிறகே சாப்பிட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். டவுனுக்குப் பால் வண்டி ஓட்டுகிறவன் நான் என்பதால், நம் வீடு போக, ஊரின் இருபத்து மூன்று வீட்டு ஜாம் பாட்டில்களையும் நானே கொண்டுபோவேன், அதுவும் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ ஊரை விட்டுப் போன அடுத்த டிசம்பரில் நான் வழியில் காபி குடிக்க இறங்கிய நேரத்தில் நம் நாய் உர்சு வண்டிக்குள் ஏறி, பாட்டில்களைக் கவிழ்த்து, இருபத்து மூன்று துண்டையும் தின்றுவிட்டது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. ஊருக்குத் திரும்பி எல்லோரிடமும் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. நம் பன்றி கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதிலிருந்தே இருபத்து மூன்று துண்டு வெட்டிப் போட்டேன். எல்லாம் சுத்தம் என்று சீட்டு வந்தது. ஈஸ்டருக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது, ஒருவரும் கோபப்படவில்லை. அடுத்த வருஷம் எல்லா வீட்டிலிருந்தும் பாட்டில் வந்தது, நன்றாகக் கழுவி, மூடியில் பெயர் எழுதி, காலியாக. உன் பன்றி ராசியான பன்றி, அதிலிருந்தே வெட்டிக்கொள் என்றார்கள். சீட்டு வந்ததும் அதை மரியாதையாக வாங்கிச் சாமிபடத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்தார்கள். எதற்கு என்று கேட்டால், முத்திரை முத்திரைதானே என்பார்கள். இப்படிப் பதினோரு வருஷம். ஒரு பன்றியின் அந்தச் சதை எவ்வளவுதான் இருக்கும் சொல், கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்ட வேண்டி வந்தது. சிறியதாக, ஒரே அளவாக, நேர்த்தியாக மாதிரி அனுப்பும் ஊர் என்று ஆய்வகத்தில் நம்மைப் பாராட்டினார்கள்.

இந்த வருஷம் அம்மாவின் அறுவை சிகிச்சையால் நாம் பன்றி வளர்க்கவில்லை. நவம்பர் முழுக்க ஊருக்கு இதே கவலை, யாருடைய பன்றியை ஊர்ப் பன்றியாக வைப்பது என்று. ஒவ்வொருவரும் தன் பன்றியை அனுப்பினால் முடிந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஞாயிறு பூசைக்குப் பிறகு கடை வாசலில் கூடி, கை தூக்கி, பழைய மில்லில் குடியிருக்கும் சபினின் பன்றியைத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்று எண்பது கிலோ. சபின் ஒரு வாரம் தொப்பியைத் தூக்கித் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தான், ஊர்த்தலைவர் ஒக்டாவுக்கே கொஞ்சம் பொறாமை. மில்லில் எலி இருக்கிறதே, எலியைத் தின்றால் பன்றிக்குப் புழு வருமே என்று மில்லுக்குப் பக்கத்து வீட்டு ஃப்ளோரியா சொன்னதற்கு, எலி இல்லாத வீடு ஏழை வீடு என்று சொல்லிவிட்டான். டிசம்பரில் அதை அடித்ததும் அதிலிருந்தே இருபத்து மூன்று துண்டு வெட்டி ஆய்வகத்தில் கொடுத்தேன், சீட்டு வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. அந்த ஃப்ளோரியாதான், அம்மாவின் சினேகிதி என்ற பாசத்தில், உன் பெட்டிக்காகத் தன் பன்றியில் ஒரு தொடையும் புகைபோட்ட சாசேஜ் நாலு வளையமும் கொடுத்தாள். உன் ஊரிலேயே ஆரஞ்சுக் கிடங்கில் வேலை பார்க்கும் அவள் மகன் கெலினுக்கும் பெட்டி கட்டினாள். ஸ்பெயினுக்குப் பெட்டி கொண்டுபோகும் இருபதாம் தேதி வேனில் ஒரு பெட்டிக்குத்தான் இடம் இருந்தது, அவள் பெட்டி போகட்டும் என்றேன். நம்முடையதை இருபத்து மூன்றாம் தேதி வேனுக்கு வைத்தோம்.

இதற்கிடையில் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. இறைச்சி, கோழி ஆய்வு விதிகளைக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றப் போகிறார்களாம், வருஷம் முடிவதற்குள் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டுமாம், பதினோரு வருஷமாக ஒரு குறையும் காணாத முன்மாதிரி ஊர் என்பதால் கூட்டத்தை நம் ஊரில் நடத்துகிறார்களாம். கூட்டம் இருபத்திரண்டாம் தேதி. ஊர்த்தலைவர் மன்றத்துக்கு வெள்ளையடித்து, வாசலில் பைன் கிளை கட்டி, முட்டைகோஸ் இலையில் இறைச்சி சுருட்டி இரண்டு அண்டா சர்மாலே செய்யச் சொன்னார். நாலு அதிகாரிகள் வந்தார்கள், நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள் தலைமை, கூட ஜில்லா மிருக வைத்தியர். ஆளுக்கு மூன்று நிமிஷம், அச்சடித்த வரைவில் எந்தப் பிரிவு என்று சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும், மற்றது பதிவாகாது என்று சொல்லிச் சின்ன மணி ஒன்றை மேஜையில் வைத்தாள். கோழியை அறுக்கும் முன் பயிற்சி பெற்ற கண் பார்க்க வேண்டும் என்று ஒரு பிரிவில் இருந்தது. கோழி வளர்க்கும் ரவேக்கா எழுந்து, தன் கோழியைத் தான் தினமும் பார்ப்பதாகவும் கோழியும் தன்னைப் பார்ப்பதாகவும் இதற்கு மேல் என்ன பயிற்சி என்றும் கேட்டாள். அதிகாரி ஒருவர் முகம் மாறாமல், பரஸ்பர ஆய்வு கோரப்படுகிறது என்று எழுதிக்கொண்டார். பிறகு அந்த அம்மாள் முக்கியமான பிரிவைப் படித்தாள். பத்து வருஷம் தொடர்ந்து சுத்தமாக இருந்த ஊர்களுக்கு இனிமேல் சோதனையே வேண்டாம், இந்த ஊரைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

அப்போது வைத்தியருக்குப் போன் வந்தது. ஆய்வகத்திலிருந்து. கேட்டுக்கொண்டே வெளுத்துப் போனார். ஊரின் மாதிரிகளில் புழு இருக்கிறது என்றார். எந்த வீட்டுடையது என்று அந்த அம்மாள் கேட்டாள். எல்லா வீட்டுடையதும் என்றார், இருபத்து மூன்றும், எதிலும் ஒரு துளி வித்தியாசம் இல்லை, இப்படி ஒரு சமமான நோயைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். இன்றைக்கே வீடு வீடாகப் போய் இறைச்சி முழுவதையும் எடுத்து எரிக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கிறது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள், சபின் தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டான், மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சபினுடையது போக இருபத்திரண்டு வீட்டின் குளிர்கால இறைச்சி என் ஒரு சொல்லில் இருந்தது, நானோ என் பால் வண்டி போகுமே, ஜெயில் வருமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தடியால் என் முட்டியில் இடித்தாள். எழுந்தேன்.

"அம்மா, அது இருபத்து மூணு பன்னி இல்லீங்க. ஒரே பன்னி" என்றேன்.

அந்த அதிகாரி அம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க எந்தப் பிரிவப் பத்திப் பேசுறீங்க?" என்றாள்.

நாய், காலி பாட்டில், சபினுக்கு நடந்த தேர்தல் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் மணி அடித்தது, ஊர்த்தலைவர் தன் மூன்று நிமிஷத்தை எனக்குக் கொடுத்தார், ரவேக்காவும் கொடுத்தாள், இப்படி இருபது நிமிஷம் பேசினேன். குற்றத்தை ஒப்புக்கொள்வது மக்கள் கருத்து ஆகாது, அதற்குப் படிவம் இல்லை, இதை வரைவுக்கு ஒரு திருத்தமாகச் சொன்னால்தான் பதிவு செய்ய முடியும் என்றார்கள். நாலு அதிகாரிகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எனக்காக எழுதித் தந்தார்கள். பதினாலாம் பிரிவில், 'மாதிரி' என்ற சொல்லுக்கு முன்னால், 'அந்தந்தப் பன்றியிலிருந்தே எடுக்கப்பட்ட' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று. நான் கையெழுத்துப் போட்டேன். அங்கேயே ஏற்றுக்கொண்டார்கள். இப்படி ஒன்றை எழுத வேண்டியிருக்கும் என்று தலைநகரில் யாருக்கும் தோன்றவில்லையாம். பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, ஜில்லாவில் இதே போல் பத்து வருஷம் சுத்தமான ஊர்கள் எத்தனை என்று வைத்தியரைக் கேட்டாள். அறுபத்தொன்று என்றார். அவள் ஃபைலை மூடிவிட்டு, சோதனை வேண்டாம் என்ற பிரிவை மேலும் ஆராய வேண்டும் என்றாள். சர்மாலேயை அவர்கள் தொடவில்லை, இரண்டு அண்டாவும் அப்படியே ஆறிப் போனது.

அன்று சாயங்காலமே வைத்தியர் கத்தியும் பையுமாக ஒவ்வொரு வீட்டிலும் தாமே வெட்டி எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தண்டனையாக ஒரு தாள் கொடுத்தார், நான் பால் வண்டி ஓட்டலாம், ஆனால் ஆயுள் முழுவதும் எந்தப் பாட்டிலையும் ஏற்றக் கூடாது. பால் எதில் ஏற்றுவது என்று கேட்டேன், கேனில் என்றார். மறுநாள் மத்தியானம் முடிவு வந்தது. இருபத்தொன்று சுத்தம். இரண்டில் புழு. ஒன்று சபினுடையது, இன்னொன்று ஃப்ளோரியாவுடையது, மில் எலிகளுக்கு வேலி ஏது. உன் பெட்டி கூடத்தில் கயிறு கட்டி, உன் முகவரி எழுதித் தயாராக இருந்தது, வேன் வர நாலு மணி நேரம் இருந்தது. நானே கயிற்றை அறுத்தேன். மத்தே அந்தச் சாசேஜைச் சுட்டதும் முதல் துண்டு கேட்பானே என்று நினைத்துக்கொண்டே, வளையம் வளையமாக எடுத்து அடுப்பில் போட்டேன்.

கெலினுக்கு ஃப்ளோரியா போன் போட்டாள், நான் பக்கத்தில் நின்றேன். அவன் பெட்டி முந்தின நாளே போய்ச் சேர்ந்திருந்தது. கூட வேலை செய்யும் மூன்று பேரைக் கூப்பிட்டு இரண்டு வளையம் வாட்டித் தின்றிருக்கிறார்கள், அதில் ஒருவன் இறைச்சியே தொடாதவனாம், எங்க அம்மா செய்தது என்று கெலின் வற்புறுத்தியதால் வாழ்க்கையில் முதல் தடவை சாப்பிட்டவனாம். நாலு பேரும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். சீக்கிரம் தெரிந்ததால் புழு உடம்பில் இறங்கவில்லை, பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்று வலியோடு கிறிஸ்துமஸ் போயிற்று. ஃப்ளோரியா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினோரு வருஷமும் சோதிச்ச ஒரே பன்னி உன் பன்னிதான், தெயோ. உன் பொண்ணுக்குப் போன பெட்டி மட்டும்தான் நெசமான சீட்டோட போச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அது உண்மை, மகளே. பதினோரு வருஷமாக உன் பெட்டியைக் கட்டும்போது நான் ஒரு தடவையும் பயந்ததில்லை, அது ஏன் என்று நான் ஒரு நாளும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவளும் காலி பாட்டில்தானே கொடுத்தாள், ஊரே கொடுத்ததே என்று சொல்லிக்கொண்டு பார்த்தேன், அது என் மனசில் ஒட்டவில்லை. போன வாரம் தலைநகரிலிருந்து எனக்கு நன்றிக் கடிதம் வந்தது, ஆக்கபூர்வமான கருத்து என்று பாராட்டியிருக்கிறார்கள். ஊர்த்தலைவர் அதைச் சட்டம் போட்டு மன்றத்தில் மாட்டிவிட்டார். அம்மா கடைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஃப்ளோரியா இன்னும் நம் வீட்டுக்கு வரவில்லை.

ஆண்டவர் உன் வீட்டுக்கு நோய் நொடி வராமல் காப்பாராக, மாப்பிள்ளைக்கு வேலை நிலைக்கட்டும், என் பேரன் நன்றாக வளரட்டும். அங்கே கடையில் வாங்கும் இறைச்சியையும் உள்ளே சிவப்பு இல்லாமல் வேகவிடு. முக்கியமான ஒன்று, தள்ளிப் போடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை கோழிச் சூப் வைத்து எடுத்துக்கொண்டு கெலினைப் போய்ப் பார். மகனை ஒரு கண் பார்த்துவிட்டு வந்தேன் என்று நீ அவன் அம்மாவுக்கு ஒரு போன் போடு. நான்தான் அனுப்பினேன் என்று அவனிடம் சொல், எதற்காக அனுப்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்.

உன் அப்பா,
தெயோஃபில்