சுவரில் மூன்று நீலக் கோடுகள்

உன் மிஷின் டிராயரை மெக்கானிக் போன வாரம்தான் நெம்பித் திறந்தார். ஆவணியில் நீ போனதிலிருந்து அந்த மிஷினில் யாருமே உட்காரவில்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் நீயே சிரிப்பாய். பத்து நாள்கூட அதைச் சும்மா விடவில்லை, நம் முதலாளியம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. டிராயர் மட்டும் பூட்டிக் கிடந்தது. சாவியை எங்கே வைத்தாயோ, உன்னோடு போயிற்று. உன் இடத்தில் இப்போது தைக்கிற கௌசல்யா, "பாபின் வைக்கக்கூட இடமில்லக்கா" என்று தினமும் முனகி முனகி, கடைசியில் ஆள் வந்தது.

உள்ளே நாலு பாபின், மூக்கு உடைந்த கத்தரிக்கோல், தலைவலித் தைலம், சுண்ணாம்பு காய்ந்து கட்டையாகிப்போன ஒரு சின்னப் பிரஷ். அதற்கடியில் ஒரு நீலச் சாக்பீஸ். துணியில் குறி போடுகிற மெழுகுச் சாக்பீஸ், ஒரு முனை மட்டும் சாய்வாகத் தேய்ந்தது. இந்த நைட்டி கம்பெனியில் அப்படித் தேய்க்கிற கை ஒன்றுதான் உண்டு, அது என் கை. தைல வாசமும் சேர்ந்து அடித்ததா, அப்படியே உன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிரஷ் எதற்கென்று மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.

முப்பது வயதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள் கார்ட்டூனுக்காகக் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள் என்றால் வெளியே யார் நம்புவார்கள்? நாம் போட்டோமே! சனிக்கிழமைதோறும் விண்பருந்து தமிழில் பேசிக்கொண்டு உன் போனுக்குள் வந்து இறங்குவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை நூல் கோனில் சாய்த்து வைத்து, சோற்றைப் பிசைந்தபடியே பார்ப்போம். திங்கட்கிழமை வரைக்கும் அதே பேச்சுதான். விண்பருந்து நல்லவன், பறப்பான், போலீசுக்கு உதவி செய்வான். நான் அவன் கட்சி. நீ அவனுடைய எதிரி கருங்கோடன் கட்சி. கேசிலிருந்து தப்பித்தவன் வீட்டு வாசலில் மூன்று கோடு போட்டுவிட்டுப் போவானே, அந்த முகமூடிக்காரன். கோடு விழுந்த வீட்டுக்காரன் மறுநாள் எல்லோரும் பார்க்க ஊரைவிட்டு ஓடித்தான் ஆக வேண்டும்.

அந்த வில்லனைப் போய் நீ மரியாதையாக 'அவிய' என்பாய். "அவிய செய்யறதுல என்னட்டி தப்பு?" என்று நீ ஆரம்பித்ததுமே ஓவர்லாக் மிஷினில் இருந்து செல்வி அக்கா கத்துவாள்.

"வில்லனப் போயி அவியங்கிறா பாரு! தாலி கட்டுன புருசன் மாதிரி."

"கட்டச் சொல்லுங்க, வரட்டும். அவிய மாதிரி ஒருத்தரு கெடச்சா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

நான் விடமாட்டேன். "ஆளாளுக்குக் கோடு போட ஆரம்பிச்சா பொறவு போலீசு எதுக்கு, கோர்ட்டு எதுக்கு?"

"ஏட்டி, நீ என்னைக்காவது கோர்ட்டுப் படி ஏறியிருக்கியா? பேசாம துணிய வெட்டு."

நீ ஏறியிருந்தாய். உன் தம்பியைக் கார் அடித்துப் போட்ட வழக்குக்காக, வாய்தா தவறாமல் ஒன்பது வருஷம் ஏறினாய். தீர்ப்பு நாளில் துணைக்கு வரச் சொன்னாய் என்று நானும் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். பார்த்ததைச் சொல்ல வேண்டியவர் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். கார் ஓட்டியவன் விடுதலையாகி, வெள்ளை வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே போனான். நீ அழவே இல்லை. பால்கோவா வாங்கி என் மகளுக்கென்று கையில் திணித்தாய். திரும்பும்போது பஸ் ஒரு தெருமுனையில் நின்றது. "அந்தா, அந்தப் பச்சைக் கேட்டுதான் அவன் வீடு" என்றாய். "தெனமும் இந்த வழியாத்தான வாரேன். பையில சாக்பீஸ் இல்லாத நாளே இல்லட்டி." பஸ் கிளம்பியது, நீ டிக்கெட்டை நாலாக மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டாய்.

இவ்வளவு தெரிந்தும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கோர்ட்டு, போலீசு என்று வாய் கிழியப் பேசிய நான்.

செவலை செத்துக் கிடந்த காலை உனக்கும் மறந்திருக்காது. ராஜபாளையம் என்றால் ஊரே நாய்க்குப் பேர் போனது. நம் செவலைக்கு அந்த வம்சப் பெருமை ஒன்றும் கிடையாது. கம்பெனி வாசலில் படுத்து, நம் சோற்றில் பங்கு கேட்ட தெருநாய். வாயில் நுரையோடு கால் விறைத்துக் கிடந்தது. விஷம் என்று பார்த்ததுமே தெரிந்தது. எதிர்ச்சாரியில் குடியிருந்த மிலிட்டரிக்காரர்தான் வைத்திருப்பார் என்று கம்பெனியே பேசியது. அவர்தானே அதைக் கண்டாலே கம்பைத் தூக்குவார்? நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, மேஜைச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், அவர் வீட்டு வெள்ளைச் சுவரில் மூன்று கோடு இழுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விண்பருந்து கட்சியெல்லாம் எங்கே போயிற்றோ!

தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கார்ட்டூனைக் கரைத்துக் குடித்தவர்கள். சாயங்காலத்துக்குள் "நாய் கொன்னவர் வீடு" என்று பேராகிவிட்டது. எவனோ கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடி போயிற்று. மூன்றாம் நாள் செல்வி அக்கா குடோனைக் கூட்டும்போது, பின்கதவு ஓரம் நக்கித் துடைத்த தட்டு ஒன்று கிடந்தது. துணிச் சுருளை எலி கடிக்கிறதென்று நம் கம்பெனியிலேயே கருவாட்டில் தடவி வைத்த எலிமருந்து. செவலை அதைத்தான் தின்றிருக்கிறது.

அன்றைக்கே அவரும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"இது பள்ளிக்கூடத்துச் சாக்பீசு இல்ல. கழுவுனா போக மாட்டேங்கு. இந்த நீலம் இந்தத் தெருவுலயே இங்க மட்டுந்தான் இருக்கு. எனக்கு அந்த நாயப் புடிக்காது, நெசந்தான். அதுக்காகக் கொல்லுவனா? எங்க வீட்டம்மா மூணு நாளா வெளிய தலைகாட்டல. யாரு போட்டது?"

அத்தனை மிஷினும் நின்றது. அத்தனை கண்ணும் உன்னைப் பார்த்தது, கருங்கோடன் கட்சி நீ ஒருத்திதானே. நீ என்னைப் பார்த்தாய். வெட்டுக்குறி போடுகிற பழக்கத்தில் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு குறுக்குக் கீற்று வைத்திருந்தேன், முட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே அதைப் பார்த்து யார் கையென்று கண்டுபிடித்திருக்கிறாய். எழுந்து நின்றாய்.

"நான்தான்யா. புத்தி கெட்டுப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

என் வாயில் நாக்கு இருந்தது. அதை நான் அசைக்கவில்லை. ஆம்பளைகள் மட்டுமே நின்ற கட்டிங் மேஜையில் முதன்முதலாக நின்ற பொம்பளை நான். மகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள். மேஜை போய்விடுமே என்று பயந்தேன். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். முதலாளியம்மா உன்னை மிஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் நீ என் மேஜைக்கு வந்து அந்தச் சாக்பீஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாய்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று அழுதேன்.

"எல்லாரும் என்னையத்தான பார்த்தாக? இல்லன்னு சொன்னா நம்பவா போறாக? எப்படியும் விழப்போற பழி, உனக்காவது ஒதவட்டும்" என்றாய். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "ஏட்டி, அவன் இதே மாதிரி தப்பான வாசல்ல கோடு போட்டா, பொறவு வந்து அழிப்பானா? இத்தன நாளும் நான் இத யோசிக்கவே இல்ல பாரேன்."

அன்றைக்குப் பிறகு உன் வாயில் கருங்கோடன் 'அவன்' ஆகிவிட்டான். கார்ட்டூனை நாம் விடவில்லை, கட்சி மட்டும் கலைந்துபோயிற்று. மூன்று மாதம் கழித்து உன் மிஷினும் உனக்குத் திரும்பி வந்தது. சொல்லிவிட வேண்டும், அடுத்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று நான் வருஷக்கணக்காக நாள் கடத்தினேன். உனக்குச் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட, "நான் போய் மிலிட்டரிக்காரர்ட்ட உண்மையச் சொல்லிடுதேன்" என்று ஆரம்பித்தேன். "இப்பச் சொல்லி என்ன, எனக்குச் செலை வைக்கப் போறாகளா? போயி ஒரு காப்பி வாங்கியா" என்றாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். எவ்வளவு சுகமான சாக்கு!

டிராயர் திறந்த அன்றைக்கு மதியம் கௌசல்யாவும் புதுசாக வந்த பிள்ளைகளும் விண்பருந்தின் புதுக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் எட்டிப் பார்த்தேன். கருங்கோடன் தப்பான வீட்டில் கோடு போட்டுவிடுகிறானாம். அடியே, உன் கேள்விக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

"அவன் அழிக்க வரமாட்டான்க்கா, கெத்து போயிரும்ல" என்றாள் கௌசல்யா. அப்புறம் சிரித்துக்கொண்டே, "முன்னாடி இந்த மிஷின்ல ஒரு அக்கா நெசமாவே கோடு போட்டாகளாமே? ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டுல? செம ஆளுதான் போல" என்றாள்.

அவள் நீ போன பிறகுதான் வேலைக்கு வந்தாள், உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இனிமேல் வருகிறவர்களுக்கும் இதுதான் தெரியப்போகிறது. நீலச் சாக்பீஸ் என் உள்ளங்கையில்தான் இருந்தது.

"அவ போடல. நான் போட்டேன்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. செல்வி அக்கா மிஷினை நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பொங்கலுக்குப் பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். என்ன பேசுவாரோ, பேசட்டும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனேன்.

மிலிட்டரிக்காரர் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில், வெள்ளைக்குள்ளிருந்து மூன்று கோடும் லேசான நீலமாகத் தெரிந்தன. இத்தனை வருஷத்துக்குப் பிறகும். அவராகவே பேசினார்.

"அந்தப் பிள்ளைய எங்க தாயி? பொங்கலுக்கு முந்தி வருசாவருசம் வந்து, சொரண்டிட்டு வெள்ளையடிச்சிட்டுப் போகும். மெழுகு மேல சுண்ணாம்பு நிக்காதுல்லா, ஆறு மாசத்துல திரும்பவும் முழிக்கும். இந்த வருசம் ஆளையே காணுமே."

எனக்குத் தெரியாதடி. ஒரு தடவைகூட நீ சொன்னதில்லை. பிரஷ் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நீ செத்துப்போனதை அவரிடம் சொன்னேன். கோடு போட்டது யாரென்றும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"மூணு பொங்கலு..." என்றார். சுவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு தடவகூட அது மூஞ்சியப் பார்த்து நான் பேசலியே தாயி. வெயில்ல நின்னு அடிச்சிச்சு. ஒருக்க தண்ணி கேட்டுச்சு. வீட்டம்மா கொண்டு வந்தா. குடுக்காதன்னு நான்தான் உள்ள போகச் சொன்னேன்."

அந்தத் தண்ணியை உனக்கு இல்லாமல் ஆக்கியது அவர் இல்லை, நான். அதை அவரிடமும் சொன்னேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை.

நேற்று உன் பிரஷை ஊறவைத்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். அவரே சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார். நான் சுரண்டினேன், அடித்தேன். பாதி வேலையில் அந்த வீட்டம்மா ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, "குடி தாயி" என்றார்கள். அது யாருக்கு வரவேண்டிய தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? முதல் வாயை உனக்கென்று சுவரோரம் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அழுதுகொண்டே குடித்தேன்.

காய்ந்த பிறகு உற்றுப் பார்த்தேன். சுத்த வெள்ளை. ஆனால் ஆடிக்குள் மறுபடியும் முழித்துவிடும், எனக்குத் தெரியும். பிரஷைக் கழுவி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், சாக்பீஸுக்குப் பக்கத்தில். பூட்டவில்லை.