லெப்ட் ஆஃபுக்கு இரண்டு பேர்

ஜூன் 10, வியாழன்

மேல்காற்று. காலையிலிருந்து கண்ணில் மண். கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். மூக்குக்கண்ணாடித் திருகு மறுபடியும் கழன்றுவிட்டது. நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

மாலை ஹாக்கி கிளப்பில் கூட்டம். இந்த சீசனுக்குச் சென்னை லீக்கில் ஆட அழைப்பு. ஆள் எடுக்க நாங்கள் மூன்று பேர்: தலைவர் (தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி), கோச் செல்லையா, செயலாளர் என்ற பெயரில் நான். பதினாறு பேர்தான் போகலாம். பதினைந்து பேர் சண்டையில்லாமல் முடிந்தது. ரிசர்வ் கோலி (மாற்று கோல்கீப்பர்) முருகன் உட்பட. பாக்கி ஒரே இடம், லெப்ட் ஆஃப். அதற்கு இரண்டு பேர்.

சங்கரலிங்கம்: ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். பல வருடமாக நம் டீம். பந்து எப்படிக் குதித்தாலும் அது போய்ச் சேரும் இடத்தில் இவன் ஸ்டிக் முன்கூட்டியே நிற்கும்.

ஜெயபால்: உள்ளூர். ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். ஓட்டம், ஓட்டம், ஓட்டம். பந்தை விட்டுவிட்டும் ஓடுவான்.

செல்லையா சொன்னது: "சங்கரலிங்கம் நம்ம சரள் மண்ணுல ராஜா சார். சென்னையில பச்சை விரிப்புல்லா? பந்து வழுக்கிக்கிட்டு வரும். போன தடவை பாத்தீங்களே, இவன் கம்பு மேல நிக்கி, பந்து கீழ போகுது."

தலைவர்: "அப்போ அதே மாரி ஒரு தரைய இங்கன உண்டாக்கிப் பாத்துருவோம். நம்ம ஆபீஸ்ல குச்சி காயப்போடுத சிமெண்டுக் களம் கெடக்கு. ஞாயித்துக்கிழமை வேலை கெடையாது. தண்ணி அடிச்சு விட்டா வழுக்காதா?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன்.

ஜூன் 11, வெள்ளி

காற்று அப்படியே. மனைவி பாக்கியத்துக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும் (மறந்தேன்).

தீப்பெட்டிகளை மேசையில் பரப்பி டீம் அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பேர். லெப்ட் ஆஃப் இடத்தில் மட்டும் இரண்டு பெட்டி. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ரைட் அவுட் இல்லை. அடுப்படியில் இருக்கிறான். பாக்கியம் பற்றவைக்க எடுத்துப் போயிருக்கிறாள்.

"அது என்ன, லெப்ட் ஆஃபு?" என்றாள்.

"நம்ம வாசல்ல மாடு நுழையுதுன்னு வை. இடது பக்கம் நின்னு மறிக்கிறவன்."

"மறிச்சா என்ன கிடைக்கும் அவனுக்கு?"

அவள் விளையாட்டாகக் கேட்டாள். ஆனால் கேள்வி அதுதான். சென்னை லீக்கில் ரயில்வேக்காரர், பேங்க்காரர் எல்லாம் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை. நம் ஊரில் எத்தனை வீட்டில் உலை கொதிப்பது ஒரு ஹாக்கி ஸ்டிக்கால்! சங்கரலிங்கத்துக்கு அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி. ஜெயபாலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் டீம் எடுப்பது வேலை கொடுக்கவா, ஜெயிக்கவா? இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் 13, ஞாயிறு

காலையில் களம். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்று ஆறு மணிக்கே போய்விட்டோம். ஆழ்குழாய் உப்புத்தண்ணீரை ஹோஸில் அடித்தார்கள். களம் சின்னது, அதனால் பக்கத்துக்கு ஏழு பேர். செங்கல் வைத்துக் கோல். பந்து உண்மையிலேயே வழுக்கியது. செல்லையாவுக்குச் சென்னைக்கே போய்விட்ட மாதிரிச் சந்தோஷம்.

ஜெயபால் கிழக்குப் பக்கம், சங்கரலிங்கம் மேற்கு. பாதி ஆட்டம்தான் நடந்தது. அதற்குள் ஈரம் காய்ந்து, சாமி என்ற பையன் விழுந்து முழங்கையில் தோல் உரிந்து, தலைவர் "போதும்" என்றார்.

ஜெயபால் ஒரு பந்தையும் விடவில்லை. நின்று நிதானமாக, காய்கறி பொறுக்குகிற மாதிரி எடுத்தான். சங்கரலிங்கம் வரிசையாகக் கோட்டைவிட்டான். ஸ்டிக்கை வைக்கும் முன்பே பந்து போய்விடுகிறது.

"தெரிஞ்சு போச்சுல்லா" என்றார் செல்லையா. எழுதிவிட்டோம்: லெப்ட் ஆஃப், ஜெயபால். பேர் வாசிப்பு 25ஆம் தேதி வெள்ளி, பயிற்சி முடிந்ததும்தான்; அதுவரை வெளியே சொல்வதில்லை. சங்கரலிங்கம் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தேவையில்லை என்று தோன்றியது.

வீட்டில் வேறு கச்சேரி. "குடிக்கத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்க வருது. நீங்க களத்துல ஊத்திப் பந்தடிச்சுட்டு வாரீங்களாக்கும்."

"உப்புத்தண்ணி."

"உப்புத்தண்ணில நான் துணி அலசுவேனே."

ஜூன் 15, செவ்வாய்

குடையைக் களத்தில் விட்டு வந்தது இன்றுதான் நினைவு வந்தது. எடுக்கப் போனேன். ஒரு அம்மா களத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் முழுக்க மேற்கு மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் உறைத்தது.

என் பையில் ஒரு ஆரஞ்சுப் பழம். (பாக்கியம் வாங்கி வரச் சொன்னது.) அதைத் தரையில் வைத்தேன். மெதுவாக உருண்டு மேற்கே போனது. அந்த அம்மா, "ஐயா, பழம் ஓடுது" என்றார்.

சாய்தளம்! சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்து முப்பது வருடம் பலகையில் வரைந்தது. சங்கரலிங்கம் நின்றது பள்ளத்தில். அவனுக்கு வந்த பந்தெல்லாம் இறக்கத்தில் வந்த பந்து. ஜெயபாலுக்கு வந்ததெல்லாம் மேடேறிக் களைத்து வந்த பந்து. முனை மாற்றி ஆடவும் இல்லை. ஈரம் காய்ந்ததல்லவா.

நேரே தலைவர் அறைக்கு. கேட்டுவிட்டுச் சிரித்தார். "பின்னே? மழைத்தண்ணி வடியணும்லா சார். நான்தான நின்னு வாட்டம் பாத்துப் போட்டேன்."

"ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாமே."

"நீங்க பந்தைப் பத்திப் பேசுதீங்க. களத்தைப் பத்தி யாரு கேட்டா?"

அதுவும் நியாயமாகவே பட்டது. அதுதான் என் தொல்லை.

ஜூன் 20, ஞாயிறு

மாத்திரை வாங்கியாயிற்று. காற்று கொஞ்சம் அடங்கல்.

செல்லையாவைச் சம்மதிக்க வைத்து மறுபடி களம். இந்த முறை பக்கத்தை மாற்றி. ஜெயபால் பள்ளத்தில். பையன் திணறிவிட்டான். சங்கரலிங்கம் மேட்டில் நின்று ஒரு பந்தையும் விடவில்லை.

செல்லையா என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் களத்தைப் பார்த்தார்.

கோணல் தராசு என்றால் தட்டை மாற்றி இரண்டு முறை நிறுத்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கலாம். வகுப்பில் கத்தரிக்காயை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே அப்படிப் பார்த்தால் இரண்டு கத்தரிக்காயும் ஒரே எடை. அப்புறம்? எதை வாங்க?

மதியத்துக்கு மேல் ஊரில் ஒருவர் இல்லை. டிவியில் கிரிக்கெட் பைனல். நம் நாடு ஆடவில்லை, இருந்தும் தெருவே வெறிச். ஜெயபால் கூட்டம் அதைப் பார்க்கத்தான் ஓடியது. சங்கரலிங்கம் பஸ்ஸுக்கு.

ஜூன் 22, செவ்வாய்

புதுக் குழப்பம். ரிசர்வ் கோலி முருகன் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் வேலை. வரமாட்டான்.

செல்லையா முகம் மலர்ந்தது. "சிக்கல் தீந்துச்சு சார். சங்கரலிங்கம் ரிசர்வ் கோலி. ஜெயபால் லெப்ட் ஆஃப். பதினாறும் ஆச்சு. ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு."

"சங்கரலிங்கம் கோலியா நின்னதே இல்லையே?"

"பயப்படமாட்டான். அது போதும்."

தலைவருக்கும் சம்மதம். "பய சென்னை போயிட்டு வரட்டும். பாவம்."

பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரிசர்வ் கோலி என்றால் காலில் பேடு கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். மெயின் கோலிக்கு அடிபட்டால் ஒழிய இறங்க வேண்டியதில்லை. பார்க்க வருகிற ஆபீசர்கள் அவன் தலையைப் பார்ப்பார்கள், ஆட்டத்தைப் பார்க்கமாட்டார்கள். பந்தியில் உட்காரவைத்து இலை மட்டும் போடுவது போல. ஆனால் இதுவும் இல்லையென்றால் அவன் வீட்டில்தான் இருப்பான். எது பெரிய அநியாயம்? இரண்டு பேர் அங்கே, நான் ஒருவன் இங்கே. அதுவும் உறுதியாக இல்லை.

ஜூன் 23, புதன்

ஆட்டக்காரர்களிடம் கேட்கிற வழக்கம் கிடையாது. பேர் வாசிப்போம், வருவார்கள், ஜெர்சியை வாங்குவார்கள், போவார்கள். இருந்தும் பஸ் ஸ்டாண்டில் சங்கரலிங்கத்தைப் பிடித்தேன். என் வகுப்பில் படித்தவன் என்ற உரிமையில். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ஏலே, உன்னைக் கோலியாப் போடலாம்னு ஒரு பேச்சு. என்ன சொல்லுத?"

"நீங்க சொன்னா சரி சார்."

"நான் சொல்லல. நீ என்ன நினைக்க?"

"நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் சார்."

"உனக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

"சரி சார்."

மூன்று "சரி". வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் ஐம்பது குரலும் "புரிஞ்சுது சார்" என்னும். அடுத்த நாள் விடைத்தாளில் தெரியும் எவ்வளவு புரிந்தது என்று. ஆனால் இவனிடம் விடைத்தாளும் கேட்க முடியாது. பஸ் வந்துவிட்டது. ஏறிய பிறகு ஜன்னல் வழியே, "டீக்குத் தேங்க்ஸ் சார்" என்றான். அப்பா உளுந்து போட நிலத்தை உழுதுவிட்டாரா என்று கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை.

பாக்கியத்திடம் சொன்னேன். "நீங்க கல்யாணத்துக்கு முன்ன என்கிட்ட கேட்டப்பவும் நான் சரின்னுதான் சொன்னேன்" என்றாள்.

"அப்போ அதுக்கு என்ன அர்த்தம்?"

"குழம்பு ஆறுது, சாப்பிடுங்க."

ஜூன் 25, வெள்ளி

பயிற்சி முடிந்து மைதானத்தில் பேர் வாசிப்பு. வாசித்தது நான். எல்லாம் ஒழுங்காகவே போனது. "லெப்ட் ஆஃப், ஜெயபால்." வந்தான், வாங்கினான். கடைசியாக, "ரிசர்வ் கோலி, சங்கரலிங்கம்."

வந்தான். செல்லையா நீட்டிய பேடை வாங்கவில்லை.

"வேண்டாம் சார்."

இந்த மைதானத்தில் இப்படி ஒரு சொல்லை இதுவரை நான் கேட்டதில்லை.

தலைவர்: "என்னலே சொல்லுத?"

"ஆஃபா ஆடச் சொன்னா வாரேன் அண்ணாச்சி. பெஞ்சுல உக்காந்தாலும் ஆஃபாத்தான் உக்காருவேன். பேடு கட்டிக்கிட்டு, பாக்க வார ஆபீசர்மாரு முன்னால உக்கார மாட்டேன்."

"அப்போ யாருக்குலே நஷ்டம்?"

"எனக்குத்தான்."

நின்ற இடத்திலேயே நின்றான். பின்னாலிருந்து யாரோ, "கிறுக்குப்பயலா இருக்கானே" என்றது கேட்டது. ஜெயபால் தன் ஜெர்சியைச் சுருட்டிக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தான்.

"பேரை அடிச்சிருங்க சார்" என்றார் தலைவர்.

பேனா என் கையில். அடித்தேன், "ரிசர்வ் கோலி" என்ற எழுத்தை. அதற்குப் பதில் "லெப்ட் ஆஃப்" என்று எழுதினேன். அவன் பேர் அப்படியே இருந்தது. யோசித்துச் செய்ததாக நினைக்க ஆசை. கை முந்திக்கொண்டது என்பதுதான் உண்மை.

செல்லையாவுக்குக் கோபம். "ரெண்டு லெப்ட் ஆஃபு, ஒத்தக் கோலி! என்ன டீம் சார் இது?"

"ஆட்டத்துக்கு நடுவே ஆளை மாத்தி மாத்தி இறக்கலாம்னு விதி வந்து வருஷமாச்சு செல்லையா. நீங்கதான் ரத்தம் பாத்தாத்தான் மாத்துவீங்க."

"சரி. கோலிக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"சார் பேடு கட்டுவாரு" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள், சங்கரலிங்கத்தைத் தவிர. தலைவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. ஒரு பையனுக்காக டீமைப் பணயம் வைத்துவிட்டேனோ? அவன் "சரி சார்" என்றே இருந்திருந்தால் நான் அந்தப் பேடைக் கொடுத்திருப்பேன். அது மட்டும் நிச்சயம்.

ஜூன் 26, சனி

செல்லையா வந்தார். டிக்கெட் போட்டாச்சு, பதினாறு பேருக்கும், அதே பேர்களுக்கு. தலைவர் ஆபீஸிலிருந்து ஆள் போய் எடுத்து வந்தாராம். "அண்ணாச்சி என்ன சொன்னாரு?" என்றேன். "ஒண்ணும் சொல்லல சார். டிக்கெட்டைக் கையில குடுத்தாரு." காப்பி குடித்தார். கோபம் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சர்க்கரை கூடுதல் கேட்டார்.

எடுத்து வைக்க: வேட்டி 3, சட்டை 3, மாத்திரை (எனக்கு), அயோடெக்ஸ், பிளாஸ்திரி, துண்டு, விசில், கண்ணாடிக்குப் புது நூல்.

ஜூன் 27, ஞாயிறு

சாயங்கால ரயில். ஸ்டேஷனுக்கு எல்லோரும் நேரத்துக்கு முன்பே. சங்கரலிங்கத்தோடு அவன் அப்பா வந்திருந்தார். என்னைக் கும்பிட்டார். பையன் வீட்டில் சொன்னானா என்று தெரியவில்லை.

ரயில் வர லேட். ஜெயபால் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், மொத மேட்ச்ல யாரு எறங்குவா? நானா, சங்கரலிங்கம் அண்ணனா?"

செல்லையாவிடம் கேள் என்று சொல்லியிருக்கலாம். போய்ப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலடே" என்றேன்.